கார் கம்பெனிகள் கைமாறும்போது உங்கள் வண்டிக்கு என்ன ஆகும்? வேலூர்க் கடை மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் 22 வருஷமாகக் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் "என்ன விலை, ஒரிஜினலா?" என்று கேட்பதோடு சரி. இப்போது பேப்பரைப் படித்துவிட்டு, "அண்ணே, அந்தக் கம்பெனியை இவங்க வாங்கிட்டாங்களாமே, என் வண்டி என்ன ஆகும்?" என்று கேட்கிறார்கள். பனப்பாக்கத்தில் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டிய பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

என் கார் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது. நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

ஒன்றும் செய்ய வேண்டாம். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், எஃப்.சி. எதிலும் மாற்றம் கிடையாது. மாருதி உத்யோக் என்ற கம்பெனி 2007 செப்டம்பரில் மாருதி சுசூகி இந்தியா ஆனது. அதற்காக 800 வைத்திருந்த யாரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கவில்லை. வாரண்டி பாக்கி இருந்தால் அந்தப் பொறுப்பும் கம்பெனியோடு சேர்ந்தே புது முதலாளியிடம் போகும்.

கவனிக்க வேண்டியது வேறு விஷயம். கைமாறிய ஒன்றிரண்டு வருஷத்தில் சர்வீஸ் சென்டர்களைக் குறைப்பார்கள். அப்போது முதலில் மூடப்படுவது நம்மைப் போன்ற ஊர்களில் இருப்பவைதான், சென்னையில் இருப்பவை கடைசிவரை நிற்கும். வேலூர்க்காரருக்கு ஒரு சின்ன வேலைக்காக 140 கிலோமீட்டர் சென்னைக்கோ 210 கிலோமீட்டர் பெங்களூருக்கோ போக வேண்டி வந்தால், அந்த இணைப்பின் செலவு அவர் பையிலிருந்துதான் போகிறது.

இணைப்பு, வாங்குவது, கூட்டு எல்லாம் ஒன்றுதானே?

இல்லை, நமக்கு வரும் விளைவு ஒவ்வொன்றிலும் வேறு. சில உதாரணம் சொல்கிறேன்.

ஹூண்டாய் கியாவை 1998ல் வாங்கியது. கியா அதற்கு முந்தின வருஷம் திவாலாகியிருந்தது. இரண்டு பெயரும் இன்றைக்கும் தனித்தனியாக இருக்கின்றன, ஷோரூமும் தனி. ஆனால் க்ரெட்டாவும் செல்டோஸும் அடியில் ஒரே சட்டம், எஞ்சினும் பொது. ஒன்று நம் ஹைவேயிலேயே இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது, இன்னொன்று ஆந்திராவில் பெனுகொண்டாவில். இது அண்ணன் தம்பி ஒரே சமையலறையில் சமைத்து, இரண்டு திண்ணையில் பரிமாறுகிற மாதிரி.

ரெனோவும் நிசானும் 1999ல் கைகோத்தன. ரெனோ நிசானில் 36.8 சதவீதப் பங்கை வாங்கியது. ஒன்றை ஒன்று விழுங்கவில்லை, இரண்டு கம்பெனியும் தனித்தனியாகவே இருந்தன. இப்படிப்பட்ட உறவில் மனக்கசப்பு வந்தால் மாடல்கள்தான் முதலில் அடிபடும்.

டொயோட்டா சுசூகியில் 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகவே பங்கு வைத்திருக்கிறது. ஆனால் வண்டி மாற்றிக்கொள்வதில் இந்த இரண்டு பேரையும்போல நெருக்கமானவர்கள் நம் ரோட்டில் கிடையாது. பங்கு எவ்வளவு என்பதைப் பார்த்து உறவின் ஆழத்தை எடை போட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முழு இணைப்பு என்றால் ஸ்டெலாண்டிஸ். 2021 ஜனவரியில் ஃபியட் கிரைஸ்லரும் பிரான்ஸின் பூஜோ குழுமமும் ஒன்றாகி, 14 பெயர்கள் ஒரே கூரைக்குள் வந்தன. நம் ஊரில் பார்க்கிற ஜீப்பும் சிட்ரோயனும் இப்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

பலேனோ வாங்குவதா, கிளான்ஸா வாங்குவதா? இரண்டும் ஒன்றுதான் என்கிறார்களே?

ஒன்றுதான். பலேனோவில் பேட்ஜையும் முன்பக்க கிரில்லையும் பம்பரையும் மாற்றி 2019ல் டொயோட்டா கிளான்ஸா என்று விற்க ஆரம்பித்தார்கள். அப்புறம் ப்ரெஸ்ஸா அர்பன் க்ரூஸர் ஆனது, எர்டிகா ரூமியான் ஆனது, ஃப்ராங்க்ஸ் டைசர் ஆனது. எதிர்த் திசையிலும் நடந்தது. இன்னோவா ஹைக்ராஸ்தான் மாருதியின் இன்விக்டோ.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தச் சர்வீஸ் சென்டர் ஒழுங்காக வேலை செய்கிறதோ அந்தப் பெயரில் வாங்குங்கள். வாரண்டி எத்தனை வருஷம் என்பதை மட்டும் அன்றைய தேதிக்கு இரண்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்கிய பிறகு ஒரு சௌகரியம் உண்டு. பிரேக் பேடோ, ஃபில்டரோ, சஸ்பென்ஷன் புஷ்ஷோ, எந்தப் பெயர் போட்ட டப்பாவில் கிடைத்தாலும் போட்டுக்கொள்ளலாம். மாட்டிக்கொள்வது பம்பரில்தான். கிளான்ஸாவின் முன் பம்பர் பலேனோவுக்கு வராது, விற்பனை குறைவான பெயருக்கு வெளியில் டூப்ளிகேட் பம்பரும் சீக்கிரம் வராது.

பேட்ஜ் வேறு, எஞ்சின் ஒன்று என்று மெக்கானிக் சொல்கிறார். நம்பலாமா?

நம்பலாம், ஆனால் பாதிதான். இதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின், 1,248 சி.சி. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், ப்ரெஸ்ஸா என்று மாருதியில் ஒரு கூட்டம். டாடாவில் இண்டிகா விஸ்டா, மான்ஸா, ஜெஸ்ட். ஃபியட்டின் சொந்த புன்டோ, லீனியா. செவர்லேயில் செய்ல், என்ஜாய். பிரீமியர் ரியோகூட. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது இந்த எஞ்சினுக்கு இங்கே கதவு மூடியது. ஃபியட் என்ற பெயரே அதற்கு முந்தின வருஷம் நம் சந்தையை விட்டுப் போய்விட்டது.

ஒரு நாள் காலையில் கடைக்கு முன்னால் ஒரு ஸ்விஃப்டும் ஒரு விஸ்டாவும் அடுத்தடுத்து வந்து நின்றன. இரண்டு டிரைவரும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள். இருவர் சொன்ன புகாரும் ஒன்று. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று ஒரு சத்தம், இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடுகிறது. டைமிங் செயின் தளர்ந்தால் வருகிற சத்தம் அது. மேசையில் இரண்டு செயின் கிட்டைப் பிரித்து வைத்தேன். டப்பாவின் நிறம் வேறு, பெயர் வேறு. செயினை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் பல் பல்லாக உட்கார்ந்தது. விஸ்டாக்காரர் இரண்டையும் விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா எனக்கு யாரும் சொல்லலையே" என்றார்.

மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். எஞ்சின் ஒன்றானாலும் அதைத் தாங்கும் மவுண்ட், ஒயரிங், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் எல்லாம் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. ஒரு வண்டியின் ஈ.சி.எம்.மைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் ஸ்டார்ட் ஆகாது. எஞ்சினுக்குள் இருக்கிற இரும்புச் சாமான் மாறாது, வெளியே ஒட்டியிருப்பது மாறும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சாமானைக் கையில் கொண்டுவராமல் புதுசு வாங்காதீர்கள்.

பனப்பாக்கத்தில் வருவது டாடாவா, ஜாகுவாரா? ஆங்கிலேயர் கம்பெனி நம் ஊருக்கு எப்படி வந்தது?

இதை நான் ஆசையாகச் சொல்வேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பர் 28 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார். முதலீடு 9,000 கோடி ரூபாய், வேலை 5,000 பேருக்கு என்று அறிவித்தார்கள். டாடா வண்டிகளோடு ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே தயாராக வேண்டும் என்பது அப்போது சொன்ன திட்டம். டாடாவுக்கு இந்த இரண்டு பெயரும் வந்தது 2008 ஜூனில், ஃபோர்டிடமிருந்து, 230 கோடி டாலருக்கு. ஃபோர்டு ஜாகுவாரை மட்டும் 1989ல் சுமார் 250 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. லேண்ட் ரோவரை 2000ல் பி.எம்.டபிள்யூ.விடமிருந்து தனியாக வாங்கியது. இரண்டையும் சேர்த்து, ஒன்றுக்குக் கொடுத்த விலையைவிடக் குறைந்த விலைக்கு டாடாவிடம் விற்றுவிட்டுப் போனது.

இன்னும் பின்னால் போனால்தான் நம் ஊர்க் கதை தெரியும். 1968ல் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் லேலண்ட் என்று ஒரு பெரிய கூட்டுக்குடும்பம் உருவானது. ஆஸ்டின், மோரிஸ், எம்.ஜி., ஜாகுவார், ரோவர், லேண்ட் ரோவர், ட்ரையம்ப், ஸ்டாண்டர்டு, லேலண்ட் லாரி பஸ் எல்லாம் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. இப்போது வேலூர் ரோட்டில் நின்று பாருங்கள். அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்போர்டு. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது ட்ரையம்ப் ஹெரால்டு. புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற பஸ்ஸின் அசோக் லேலண்ட், 1948ல் எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டுகிற அசோக் மோட்டார்ஸாக ஆரம்பித்து, 1955ல் லேலண்டோடு சேர்ந்து பெயர் மாறியது. டாக்டர் ஓட்டுகிற எம்.ஜி. ஹெக்டர், பனப்பாக்கம் ஆலைத் திட்டத்தில் இருக்கிற ஜாகுவார் லேண்ட் ரோவர், எல்லாம் அந்த ஒரு வீட்டுப் பங்காளிகள்.

அந்த வீடு ஏன் உடைந்தது? ஒரே கூரைக்குள் ஒரே மாதிரி வண்டிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. ரோவரும் ட்ரையம்பும் ஒரே வாடிக்கையாளரை இரண்டு பக்கமும் இழுத்தன. ஆலைகள் அதிகம், வேலைநிறுத்தங்கள் அதிகம், தரம் சரிந்தது. 1975ல் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அப்புறம் துண்டு துண்டாக விற்றார்கள். ஜாகுவார் 1984ல் தனியானது. மிச்சமிருந்த ரோவர் 1988ல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்கும் 1994ல் பி.எம்.டபிள்யூ.வுக்கும் போனது. 2000ல் பி.எம்.டபிள்யூ. மினியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, லேண்ட் ரோவரை ஃபோர்டுக்குக் கொடுத்து, எம்.ஜி. ரோவரை வெறும் 10 பவுண்டுக்கு ஒரு குழுவிடம் தள்ளிவிட்டது. அது 2005ல் மூழ்கியது. எம்.ஜி. பெயர் சீனாவுக்குப் போய், குஜராத்தில் ஹாலோலில் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுச் சென்ற ஆலை வழியாக நம்மிடம் வந்தது.

இதில் எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு. தாய்க் கம்பெனிகள் போன பிறகும் நம் பிள்ளைகள் நின்றார்கள். மோரிஸ் பெயர் இங்கிலாந்தில் 1980களிலேயே முடிந்துவிட்டது. அம்பாசடர் 2014 மே வரை தயாரானது. இங்கிலாந்து லேலண்ட் போன இடம் தெரியவில்லை, அசோக் லேலண்ட் நம் மலைப்பாதையில் தினமும் ஏறி இறங்குகிறது. பெயர் யாருடையது என்பதைவிட வரைபடமும் வார்ப்பும் யார் கையில் இருக்கின்றன என்பது முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கம்பெனி நாட்டை விட்டே போய்விட்டால் ஸ்பேர் கிடைக்குமா?

கடையில் தினமும் கேட்கிற கேள்வி இது. செவர்லே 2017 கடைசியோடு இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. டாட்ஸன் 2022ல் போனது. மூன்றின் வண்டிகளும் காட்பாடி ரோட்டில் இன்றும் ஓடுகின்றன. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் போகும்போது சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று சொல்லிவிட்டே போயின.

எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கார் கம்பெனி எல்லாச் சாமானையும் தானே செய்வதில்லை. பிரேக், கிளட்ச், பேரிங், ஃபில்டர், பெல்ட், ஆல்டர்னேட்டர் எல்லாம் வெளிக் கம்பெனிகள் செய்து கொடுக்கிறவை. நம் சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியா இருக்கிறதே, அது மாதிரி. கார் கம்பெனி போனாலும் இவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் டப்பா போட்டு விற்பார்கள், அதனால் ஓட்டத்துக்கு வேண்டிய சாமானுக்குப் பஞ்சம் வராது. அதிலும் எஞ்சின் பொது எஞ்சினாக இருந்தால் கவலையே இல்லை.

கதவு, பானெட், ஃபெண்டர், பம்பர் விஷயம் வேறு. தகட்டை அடிக்கிற டை, பிளாஸ்டிக்கை வார்க்கிற அச்சு இரண்டும் கார் கம்பெனியின் சொத்து. ஆலையை மூடும்போது அவையும் ஓரமாகப் போய்விடும். அதிகம் விற்ற மாடலுக்கு டூப்ளிகேட் வரும், குறைவாக விற்றதற்கு வராது. ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் அதே கதைதான். முன் கண்ணாடியைக் கண்ணாடிக் கம்பெனிகள் செய்துகொண்டிருப்பார்கள், ஆனால் கதவுக்குப் பின்னால் இருக்கிற சின்ன முக்கோணக் கண்ணாடிக்கு நாயாய் அலைய வேண்டும். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் எலக்ட்ரானிக்ஸ். ஏ.பி.எஸ். யூனிட், ஏர்பேக் மாட்யூல், ரிமோட் சாவி.

குடியாத்தத்திலிருந்து ஒரு டிரைவர் வருவார். சி.எம்.சி.க்கு வருகிற வங்காளி நோயாளிகளைக் காட்பாடி ஸ்டேஷனிலிருந்து லாட்ஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டுகிறவர். நாட்டை விட்டுப் போன ஒரு கம்பெனியின் வண்டி. பின் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற மெஷின் உடைந்து, கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டது. வேலூர் வெயிலில் ஏ.சி. போட முடியாது, மழையில் சவாரி எடுக்க முடியாது. நான் நாலு டீலரிடம் கேட்டேன், இல்லை. கடைசியில் சென்னை புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து ஒன்று கிடைக்க 11 நாள் ஆனது. அதை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்தபடியே பஸ்ஸில் கொண்டுவந்தார். அந்த 11 நாளும் அவர் வண்டிக் கதவில் பாலித்தீன் கவரும் செல்லோ டேப்பும்தான். சாமானின் விலை பெரிதில்லை, நாட்கள்தான் அவரைக் கொன்றன.

ஆகவே இப்படி ஒரு வண்டி உங்களிடம் இருந்தால், நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு டெயில் லைட், இரண்டு கதவுக் கைப்பிடி, ஒரு கண்ணாடி மெஷின், ஒரு இரண்டாவது சாவி வாங்கிப் பரண்மேல் போடுங்கள்.

ஃபோர்டு திரும்பி வருகிறதாமே?

மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காகத் திறக்கப்போவதாக 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் எஞ்சின் தயாரிக்க ஒப்பந்தம் ஆனது. ஷோரூமுக்கு ஃபிகோ திரும்ப வரும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. குஜராத்தில் இருந்த அவர்களுடைய சானந்த் ஆலை 2023 ஜனவரியிலேயே டாடா கைக்குப் போய்விட்டது.

மஹிந்திராவோடு சேர்ந்து ஃபோர்டு இங்கே பிழைத்திருக்கலாம் என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். 2019 அக்டோபரில் கூட்டு அறிவித்து, 2020 டிசம்பர் 31 அன்று கைவிட்டார்கள். ஒன்பது மாதத்தில் மறைமலைநகர் ஆட்களுக்கு வேலை போகிற செய்தி வந்தது. கூட்டு முறிவதைப் பேப்பரில் நாலு வரியில் போடுவார்கள். அதை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவனுக்கு அது நாலு வரி இல்லை.

நிசான் ஒரகடம் ஆலையை விற்றுவிட்டதாமே? மேக்னைட் வாங்கலாமா?

ஒரகடம் ஆலையில் நிசானிடம் இருந்த 51 சதவீதப் பங்கை ரெனோ எடுத்துக்கொள்வதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். மேக்னைட் அதே ஆலையில் தொடர்ந்து தயாராகும் என்று சேர்த்தே சொன்னார்கள். அரக்கோணம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் அங்கே போகிற பிள்ளைகளுக்கு முதலாளி பெயர்தான் மாறியது. ஹோண்டாவோடு நிசான் இணையப்போகிறது என்று 2024 டிசம்பரில் பேச்சு கிளம்பி, 2025 பிப்ரவரியிலேயே அடங்கிவிட்டது.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். விலை அடித்துப் பேசுங்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருப்பவராக இருந்தால் மேலே ஸ்பேர் கேள்விக்குச் சொன்ன பரண் சாமான்களையும் மனதில் வையுங்கள்.

இரண்டு கம்பெனி சேர்ந்தால் ஏன் நல்ல மாடலையும் நிறுத்துகிறார்கள்?

ஒரே வண்டிக்கு இரண்டு விளம்பரச் செலவு, இரண்டு பம்பர் அச்சு எதற்கு என்று கணக்குப் பார்ப்பார்கள். நிசான் மைக்ராதான் ரெனோ பல்ஸ். நிசான் சன்னிதான் ரெனோ ஸ்காலா. ரெனோ டஸ்டர்தான் நிசான் டெர்ரானோ. மூன்று ஜோடியிலும் மக்கள் முதலில் பார்த்த முகமே நிலைத்தது, இரண்டாவது முகம் அதற்கு முன்பே மறைந்துவிட்டது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2009ல் திவாலானபோது போன்டியாக், சாட்டர்ன் போன்ற பெயர்களையே அழித்தது.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு இதில் லாபம் இருக்கிறது. பல்ஸ் விலை மலிவாகக் கிடைக்கும், எஞ்சின் சாமானுக்கு மைக்ரா டப்பாவைக் கேட்டால் போதும்.

கூட்டு முறிந்தபோது வண்டி மட்டும் பிழைத்தது உண்டா?

உண்டு. மஹிந்திராவும் ரெனோவும் சேர்ந்து 2007ல் லோகன் கொண்டுவந்தன. 2010ல் பிரிந்தார்கள். மஹிந்திரா அந்த வண்டியை விடவில்லை, பெயரை வெரிட்டோ என்று மாற்றித் தொடர்ந்து ஓட்டியது. கால் டாக்ஸிக்காரர்கள் இன்றும் அந்த எஞ்சினைப் புகழ்வார்கள்.

கொரியாவின் சாங்யாங்கை மஹிந்திரா 2011ல் வாங்கியது. அது 2020 கடைசியில் திவாலுக்குப் போய், 2022ல் வேறு கொரிய முதலாளி கைக்கு மாறியது. பணம் போனது நிஜம். ஆனால் சாங்யாங் டிவோலியின் அடிச்சட்டத்திலிருந்து பிறந்த எக்ஸ்.யு.வி. 300 நம்மிடம் தங்கிவிட்டது.

டாடா மோட்டார்ஸ் இரண்டாகப் பிரிந்துவிட்டதே, என் நெக்ஸானுக்கு ஏதாவது ஆகுமா?

ஆகாது. 2025 அக்டோபர் 1 முதல் லாரி பஸ் ஒரு கம்பெனி, கார் ஒரு கம்பெனி. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார் பக்கம் போனது. ஷேர் வைத்திருக்கிறவருக்குத்தான் வேலை.

பெயரை மட்டும் விற்பார்களா?

விற்பார்கள். அம்பாசடர் என்ற பெயரை 2017ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பூஜோவுக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றது. சி.எம்.சி. வாசலில் வரிசையாக நின்ற வெள்ளை அம்பாசடர்களை நினைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படித்தேன். வண்டியே நின்றுபோன பிறகு ஒரு பெயருக்கு 80 கோடி.

பெயர் மாறி உடம்பு திரும்பி வருவதும் நடக்கும். டேவூ மாட்டிஸ் ஞாபகம் இருக்கும். டேவூ விழுந்த பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கொரியாவில் அதை எடுத்துக்கொண்டு, நம் நாட்டு ஆலையை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டது. அந்த மாட்டிஸின் அடுத்த தலைமுறைதான் 2007ல் செவர்லே ஸ்பார்க் என்று இங்கே வந்தது.

என் காரை உண்மையில் செய்தது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆர்.சி.யில் 17 இலக்கச் சேஸிஸ் நம்பர் இருக்கும். முதல் மூன்று எழுத்து செய்தவரின் முத்திரை. எம்.ஏ.3 என்றால் மாருதி, எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய், எம்.ஏ.டி. (MAT) டாடா, எம்.ஏ.1 மஹிந்திரா, எம்.ஏ.ஜே. ஃபோர்டு. கிரில்லில் எந்தப் பேட்ஜ் இருந்தாலும் கடைக்காரரிடம் இந்த நம்பரைக் காட்டுங்கள். டி.என். 23 நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எனக்கு ஒன்றும் தெரியாது, சேஸிஸ் நம்பர் இருந்தால் பார்ட் நம்பரைச் சரியாக எடுத்துவிடலாம்.

அப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஷெட்டில் நிற்கிறது. கம்பெனியே இல்லையே, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். ஆற்காட்டிலிருந்து ஒருவர் போன வருஷம் இதையேதான் கேட்டார், நேரில் போய்ப் பார்த்தேன். நாலு கதவு வண்டி. ஹெரால்டின் எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக் சாமான்கள் இங்கிலாந்தில் பழைய ட்ரையம்ப் ஆர்வலர்களுக்காக இன்னும் செய்கிறார்கள், பணம் கட்டினால் பார்சலில் வரும். ஆனால் அந்த நாலு கதவு உடம்பு நம் சென்னை ஆலை மட்டும் செய்தது, இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். அதனால் பின் கதவு, அதன் கண்ணாடி, அதன் ரப்பர் பீடிங் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எஞ்சின் துருப்பிடித்துக் கிடந்தால் பரவாயில்லை. பின் கதவு இரண்டையும் கழற்றி, கண்ணாடியைத் தனியாக எடுத்துப் பழைய போர்வையில் சுற்றி, சுவரில் சாய்க்காமல் மரப்பெட்டியில் செங்குத்தாக வையுங்கள். ரப்பரில் கிளிசரின் தடவுங்கள். அப்புறம் டிங்கரைக் கூப்பிடலாம்.